பகலுக்குச் சாக்குக் கட்டிய வீடு

அந்தக் காலத்துப் பிள்ளைகள் போட்ட இடத்தில் நித்திரை கொண்டன என்று சொல்லித் திரிகிறீர்களே, என் வயதுக்காரரே, கொஞ்சம் நிறுத்துங்கள். போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த நரைமீசைக்காரர் ஒருவர் இதையேதான் சொன்னார். "எங்கட அம்மாமார் எத்தினை பிள்ளையளைப் பெத்தவை! ஒருத்தராவது நித்திரை இல்லை எண்டு முறைப்பாடு வைச்சவையோ? இப்பத்தைப் பெட்டையள் ஒண்டைப் பெத்துப்போட்டுப் படுற பாடு!" சுற்றி இருந்த கிழங்கள் எல்லாம் தலையை ஆட்டின. என் வாயில் அப்போது லட்டு இருந்தது. அதனால் அந்த மனிதர் தப்பினார்.

இப்போது வாயில் ஒன்றும் இல்லை. கேட்கிறேன். உங்கள் அம்மா முறைப்பாடு வைக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் நித்திரையாக இருந்தீர்கள். உங்கள் அப்பாவும் நித்திரை. பிறகு யாரிடம் போய் வைப்பது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். திருகோணமலையில் உட்துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில் கடைசிக்கு முந்திய வீடு. வெள்ளைக்காரன் கப்பல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகில் இயந்திரம் பார்ப்பவர். பெரிய கப்பலைக் கயிறு கட்டி உள்ளே இழுத்து வருகிற சின்னப் படகு அது. பகலில் அந்த இயந்திர அறையின் வெக்கை தாங்க ஏலாது என்று இரவு வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டார். மாலைச் சங்கு ஊதும்போது சைக்கிளில் போவார். காலைச் சங்குக்குப் பிறகு வருவார். குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். அவர் படுத்தால் எங்கள் தெருவும் கூடப் படுக்க வேண்டும்.

பகலில் நித்திரை கொள்வதற்கு இருட்டு வேண்டுமல்லவா? கப்பலில் சீனி வந்து இறங்கிய சணல் சாக்குகளை அப்பா கொண்டுவந்தார். அம்மா அவற்றை இரட்டையாக மடித்துத் தைத்து, எல்லா யன்னலுக்கும் கட்டினார். அறைக்கு மட்டும் கட்டினால் மற்றப் பக்கத்து வெளிச்சம் கதவிடுக்கால் வரும் என்று வீடு முழுவதற்கும் கட்டச் சொன்னவர் அப்பா. அந்தச் சாக்கின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது. பழைய சீனியும் தாரும் உப்புக் காற்றும் கலந்த ஒரு புளித்த மணம். அதில் ஒட்டியிருந்த சீனிக்கு எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கும். வெளியே கடலில் வெயில் கண்ணைக் கூச வைக்கும், உள்ளே நாங்கள் சுவரைத் தடவித் தடவி நடப்போம்.

சத்தமும் கூடாது. என் கால் கொலுசைக் கழற்றி அம்மா எங்கேயோ வைத்தார், பிறகு அது கிடைக்கவே இல்லை. பக்கத்து வீட்டுச் சேவல் கூவுகிறது என்று அதைக் கேட்டு வாங்கிக் கறியாக்கினோம். மீன்காரர் எங்கள் வாசலில் ஹோன் அடிக்காமல் கடைசி வீட்டுக்குப் போய் அடிப்பார். கிண்ணியாவிலிருந்து தயிர் கொண்டுவருகிற முஸ்லிம் காக்கா வேலிப் படலையடியில் நின்று, கூப்பிடாமல், தயிர் முட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். நானும் அம்மாவும் கையால்தான் கதைப்போம். இரண்டு விரலை உரசினால் உப்பு. கன்னத்தில் கை வைத்தால் நித்திரை. உள்ளங்கையைப் புரட்டினால் அப்பா புரளுகிறார், அசையாதே. ஒன்பது வயதில் எனக்கு வாயால் கதைக்கிற பழக்கமே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது. அங்கே போய் எல்லாவற்றையும் சேர்த்துக் கதைத்து அடி வாங்குவேன்.

அப்பாவின் சைக்கிள் மூலை திரும்பியதும் எங்கள் வீட்டில் பொழுது விடியும். சாக்கைச் சுருட்டிக் கட்டுவோம். எல்லா அறைக்கும் லைட் எரியும். பகல் முழுக்கப் பொத்தி வைத்திருந்த வேலை எல்லாம் அப்போதுதான் தொடங்கும். அம்மா உரலில் மா இடிப்பார், மல்லி வறுப்பார், அம்மியில் அரைப்பார், உடுப்புத் தோய்ப்பார். பக்கத்து வீட்டு அக்கா வந்து குசினி வாசலில் காலை நீட்டி இருந்து ஊர்க் கதை கதைப்பார். ரேடியோ பாடும். நான் குதிப்பேன், கத்துவேன். எனக்கு அந்த நேரம் மிகவும் பிடிக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் என் தம்பியை ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கொண்டுவந்தார்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் இருந்து நேரே அந்த இருட்டுக்குள். நடு அறைக் கூரை வளையில் அம்மாவின் பழைய சேலையில் ஏணை கட்டியிருந்தது. அந்த அறைக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அதனால் பிள்ளை வாய் திறக்க முதலே அம்மா பால் கொடுத்துவிடுவார். நான் ஏணைக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பேன். அந்த இருட்டிலும் அமைதியிலும் யார்தான் படுக்கமாட்டார்கள்? தம்பி பகல் முழுக்க நித்திரை. மாலையில் சாக்குச் சுருண்டு, லைட் எரிந்து, உரல் சத்தம் கேட்கத் தொடங்கினால் கண்ணைத் திறப்பான். நாவற்பழம் மாதிரி இரண்டு கண். லைட்டைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், கையை வீசுவான். பிள்ளை பார்க்க வருகிற பெண்களும் பகலில் வர ஏலாதென்று மாலையில்தான் வருவார்கள். ஒருவர் மாறி ஒருவர் தூக்கிக் கொஞ்சுவார்கள். அவர்கள் போன பிறகு அழத் தொடங்கினால் விடிய வேண்டும். காலைச் சங்கு ஊதும், அப்பா படலை திறப்பார், தம்பி கண்ணை மூடுவான். அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரே நேர வேலை.

பிள்ளை படுக்கும்போது தாயும் படுக்கலாம்தானே என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்டுத்தான் பழக்கம். பகலில் அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு சத்தமில்லாமல் ஆக வேண்டும். தயிர், மீன், தண்ணீர், காகம், தெருப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காவல் காக்க வேண்டும். அம்மா அடுப்படியில் நின்றபடியே கண்ணை மூடுவார். பருப்பு அடிப்பிடிக்கும். மணத்துக்கு அப்பா எழும்பிவிடக் கூடாதென்று சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். இந்த ஓட்டத்தில் அவர் எப்போது படுத்தார் என்று நான் பார்த்ததில்லை.

அரசாங்கத்து மருத்துவிச்சி மிசி சைக்கிளில் வீடு வீடாக வருவார். வெள்ளை உடுப்பு, கறுப்புக் குடை, சிரித்த முகம். எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. அம்மா படலையடிக்கு ஓடிப்போய் உதட்டில் விரல் வைத்து மறித்துவிட்டார். வேலி நிழலில் வைத்துத்தான் பிள்ளையைப் பார்த்தார் அந்த மிசி.

"பிள்ளை நல்லாப் பால் குடிக்குதோ?"

"ஓம் மிசி."

"நித்திரை?"

"பகல் முழுக்க நித்திரை மிசி," என்று அம்மா குசுகுசுத்தார். இரவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், அதற்குள் உள்ளே அப்பா இருமினார். அம்மா திரும்பி ஓடினார். மிசி, "நல்லது, நல்லது," என்று சொல்லிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவரை உள்ளே விட்டிருந்தால் அந்தச் சாக்குகளைக் கண்டிருப்பார்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்க அப்பாவின் தமக்கை சம்பூரில் இருந்து வந்தார். எனக்கு மாமி. திடமான மனுஷி. மாமா வயல் செய்கிறவர், மாடு, கோழி, பெரிய வளவு, எல்லாம் இருந்தது. பிள்ளை இல்லை. அதை ஊரார் மாமிக்கு முன்னால் சொல்லமாட்டார்கள், பின்னால் சொல்லாமல் விடவும் மாட்டார்கள். துடக்குக் கழிந்ததும் போயிருக்க வேண்டியவர், தம்பி ஓர் இரவு முழுக்கக் கத்தியதைக் கண்டு நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் விசாரணை. முதலில் கண்ணூறு என்றார். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய்க் காரத்துக்கு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினோம், தம்பி மட்டும் அன்றிரவும் முழிப்பு. பிறகு அம்மா பத்தியத்தில் பிழை விட்டார் என்றார். பிறகு நாள் ஆக முதலே தலை முழுகிவிட்டார் என்றார். கடைசியில் வந்து நின்ற இடம், பால்.

"உன்ர பால் சூட்டுப் பால், பிள்ளை. அதுதான் அவன்ர உடம்பை எரிக்குது. நீ முழிச்சு முழிச்சுக் குடுக்கிற பால் எப்பிடிக் குளிரும்?"

அம்மா மறுத்துக் கதைக்கவில்லை. மச்சாள் மூத்தவ, வீட்டுக்காரரின் அக்கா. அதோடு அந்த வீட்டில் எதையும் மறுத்துக் கதைக்க வேண்டுமானால் குரல் எழும்ப வேண்டும், குரல் எழும்பினால் அப்பா எழும்புவார். பிள்ளை ஏன் படுக்கவில்லை என்று அத்தனை பேர் மண்டையை உடைத்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர், யன்னலைத் திரும்பிப் பார்த்தார்களா? சாக்கு எங்களுக்குச் சுவராகிவிட்டது. சுவரை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு நாள் காலையில் அம்மா கிணற்றடியில் காலை நீட்டி இருந்து, கால்களின் மேல் தம்பியைக் கிடத்திக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர்ச் செம்பு ஒரு கையில். நான் துடைக்கிற துவாயோடு நின்றேன். அம்மாவின் தலை மெல்லச் சரிந்தது. செம்பு கையை விட்டு நழுவிக் கல்லில் விழுந்தது. தம்பி ஒரு பக்கம் வழுக்கினான். மாமி எங்கிருந்து வந்தார் என்று தெரியாது, பாய்ந்து பிள்ளையை அள்ளிவிட்டார். ஒரு காயமும் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்த பயத்தை நான் பிறகு யாருடைய முகத்திலும் காணவில்லை. பிள்ளையைப் பிடித்தது மாமிதான். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் அன்று பாயாவிட்டால் என்ன நடந்திருக்கும்?

அன்று மத்தியானம் மாமி ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்தார். சாராயம்.

"ஒரு சொட்டு நாக்கில தடவினால் விடியுமட்டும் படுப்பான். எங்கட ஊரில எல்லாரும் செய்யிறதுதான். நீயும் கொஞ்சம் கண் மூடலாம்."

"வேண்டாம் மச்சாள்," அம்மா குசுகுசுத்தார்.

"ஒரு சொட்டுத்தானே."

மாமியின் விரல் போத்தல் வாயில் நனைந்து பிள்ளையின் வாய்க்குக் கிட்டே போனது. அம்மா கத்தினார். வீடு அதிரக் கத்தினார்.

"விடுங்கோ! என்ர பிள்ளைக்குக் குடுக்க விடமாட்டன்!"

அந்த வீட்டில் பகலில் அம்மாவின் முழுக் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்பா அறைக்கு வெளியே வந்தார். இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு, சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.

"என்ன இது? மனிசன் படுக்கிற நேரம் தெரியாதோ?"

மாமி எல்லாவற்றையும் சொன்னார். கிணற்றடியையும் சொன்னார். அம்மா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அப்பா போத்தலை வாங்கி முற்றத்தில் ஊற்றினார். அந்த மட்டில் நல்ல மனிதர். பிறகு சொன்னார், "அக்கா, நீங்கள் பிள்ளையைக் கொஞ்ச நாள் ஊருக்குக் கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. எல்லாரும் நித்திரை கொள்ளுவம்."

"பால்?" என்றார் அம்மா.

"பசுப்பால் இருக்கு, டின் பால் இருக்கு," என்றார் மாமி. "உன்ர பாலைக் குடிச்சுத்தானே இவ்வளவும்."

அப்பா போய்ப் படுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு ஒரு மனிதனால் ஐந்து நிமிடத்தில் குறட்டை விட முடியுமா? முடிந்தது. நான் கேட்டேன், இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

ஆவணி விடுமுறை தொடங்கியிருந்ததால் உதவிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார் மாமி. மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகில் ஏறினோம். அம்மா இறங்குதுறை வரைக்கும் வந்து, வெயிலில் குடையில்லாமல் நின்றார். அப்பாவுக்கு அது படுக்கிற நேரம். லோஞ்ச் கிளம்பியதும் கடல் வெளிச்சம் முகத்தில் பட்டுத் தம்பி முகத்தைச் சுளித்தான், தும்மினான், பிறகு கண்ணை விரித்துப் பார்க்கத் தொடங்கினான். மூதூர் வரைக்கும் படுக்கவே இல்லை. பகலில் அவன் அவ்வளவு நேரம் முழித்திருந்தது அதுதான் முதல் தடவை. "பார், தாயை விட்டு வரவே பிள்ளை தெளிஞ்சுபோனான்," என்றார் மாமி.

சம்பூரில் ஏணையை வளவில் வேம்பின் கொப்பில் கட்டினார்கள். சுற்றிக் கோழி கொக்கரித்தது, மாடு கத்தியது, மாமி அவனுக்குப் பக்கத்திலேயே மா இடித்தார், அயல் வீட்டுப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தம்பி இடையிடையே சிணுங்கிச் சின்னச் சின்ன நித்திரையாகக் கொண்டான். பொழுதுபட்டால் அந்த வீடு ஒரேயடியாக அடங்கிவிடும். மாமா விடிய முதல் வயலுக்குப் போகிறவர். விளக்கைத் தணித்துவிடுவார்கள். முதல் சில இரவுகள் அவன் கத்தினான். மாமி விளக்கைத் தூண்டவும் இல்லை, ஒரு கதையும் கதைக்கவில்லை. இருட்டுக்குள்ளேயே பாலைக் கொடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். விடுமுறை முடிய முதல் அவன் பாலுக்கு மட்டும் சிணுங்கி, குடித்துவிட்டுத் திரும்பப் படுக்கப் பழகியிருந்தான். மூன்று மாதம் ஆகிற பிள்ளை, தானாகவும் கொஞ்சம் ஒழுங்குக்கு வருகிற வயதுதான்.

மாமியின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் சொன்னார். "தாய்ப்பாலை நிப்பாட்டினன், பிள்ளை படுத்திட்டான்." யார் இல்லை என்பது? கண் முன்னால் நடந்ததுதானே.

நான் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது வழக்கம்போல வீடு இருண்டு கிடந்தது. உள்ளே சாக்கு மணத்தோடு வேறொரு மணமும் நின்றது. மல்லிகை. அம்மா பாயில் கிடந்தார், நெஞ்சைச் சுற்றி ஒரு துணிக் கட்டு. பால் கட்டிக் காய்ச்சல் வந்து, பக்கத்து வீட்டு அக்கா பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு காலையிலும் நான்தான் பக்கத்து வீட்டுப் பந்தலில் பூப் பறித்து வந்தேன். வெள்ளையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாலையில் பழுத்து, சுட்டு, பால் மணத்தோடு வெளியே வரும். உங்களில் எத்தனை பேர் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறீர்கள். என்னால் அந்த மணம் வருகிற பக்கத்தில் நிற்க ஏலாது. என் கல்யாணத்துக்கே கனகாம்பரம்தான்.

"தம்பி எப்பிடி?" என்று அம்மா கையால் கேட்டார்.

நான் கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். இரவில் நித்திரை. அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "அப்ப மச்சாள் சொன்னது சரிதான்," என்று வாய்க்குள் சொன்னார்.

கொஞ்ச நாள் என்று போன பிள்ளை. பல்லு முளைக்கட்டும் என்றார்கள். நடக்கட்டும் என்றார்கள். பிறகு, இப்போது பிரித்தால் மாமிக்கு விசர் பிடிக்கும் என்றார்கள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு தடவை அம்மாவும் நானும் லோஞ்சில் போவோம். தம்பி மாமியின் சேலைக்குப் பின்னால் ஒளிப்பான். "அங்க பார், மாமி வந்திருக்கிறா, கும்பிடு," என்பார் மாமி. ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். வளர்த்தவ அவனுக்கு அம்மா, அப்படியானால் அந்த அம்மாவின் தம்பி பெண்சாதி அவனுக்கு மாமிதானே? முறை பிசகாமல் கணக்குப் பார்த்து, பெற்றவளை மாமி ஆக்கிவிட்டார்கள். பெரியவனான பிறகும் அவன் அப்படியே கூப்பிட்டான். "உன்னைப் பெத்தவளின்ர பால் உனக்கு நஞ்சு, நான் தூக்கி வந்திராட்டில் நீ தப்பியிருக்கமாட்டாய்," என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். நல்ல பிள்ளை. அவனில் எனக்குக் கோபம் இல்லை. மாமி மோசம்போனபோது அவன்தான் கொள்ளி வைத்தான். அப்பா போனபோது, வந்து சனத்தோடு சனமாக நின்றான்.

அம்மா அதற்குப் பிறகும் ஒரு பிள்ளை பெற்றார், என் தங்கை. அவளுக்கு அம்மா முதல் நாளிலிருந்து டின் பால்தான். ஆஸ்பத்திரியில் ஏசினார்கள். அம்மா மார்பைக் கையால் மூடிக்கொண்டு, "என்ர பால் கூடாது மிசி," என்றார். யாரும் சொல்லவில்லை, தானாகவே சொன்னார். சாக்குகள் அப்போதும் யன்னலில்தான் தொங்கின.

போன மாதம் என் மகள் என் வீட்டுக்கு வந்து நின்று பிள்ளை பெற்றாள். பிள்ளை இரவில் முழிப்பு, பகலில் நித்திரை. வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி சின்னப் பெண், என் பேத்தி வயது இருக்கும். அவளை நான் படலையில் மறிக்கவில்லை. உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, யன்னல் திரைச்சேலையை இழுத்துத் திறந்துவிட்டாள்.

"பகலிலை வெளிச்சம் வரட்டும் அன்ரி. ஆக்கள் கதைக்கட்டும், சட்டி பானை சத்தம் கேக்கட்டும். இரவிலை லைட்டைக் குறைச்சு, கதை குடுக்காமல் பாலை மட்டும் குடுத்து, மல்லாக்கக் கிடத்திவிடுங்கோ. பிறந்த பிள்ளைக்குப் பகல் எது, இரவு எது எண்டு தெரியாது. நாங்கள்தான் காட்ட வேணும். கொஞ்சக் கிழமையிலை தானா மாறும்."

"இவ்வளவுதானோ?" என்றேன்.

"இவ்வளவுதான்."

"இவ்வளவுதானோ!" என்று நான் போட்ட சத்தத்துக்கு மகள் எழும்பி உட்கார்ந்தாள். அந்தச் சின்னப் பெண் பயந்துபோய், "ஏன் அன்ரி கோவிக்கிறீங்கள்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? அறுபது வருடத்துக் கோபத்தை அவள் தலையில் கொட்டலாமா? தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அம்மா இப்போது என்னோடு, அதே பழைய வீட்டில்தான். தொண்ணூறு தாண்டிவிட்டது, காது கேளாது. குசுகுசுத்தே காலம் கழித்த மனுஷிக்கு இப்போது எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கதிரைக்குக் கிட்டே போய் இருந்து, சாக்கில் தொடங்கி எல்லாவற்றையும் கத்தினேன். அம்மா இரண்டு தரம் கேட்டார். பிறகு யன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்ர பாலிலை ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டும் இல்லையம்மா! நல்ல பால்!"

"நல்ல பாலோ?"

"நல்ல பால்!"

"அவனுக்குச் சொல்லு," என்றார் அம்மா. "இப்பவே சொல்லு."

சம்பூருக்குப் போன் எடுத்தேன். தம்பி வயலில் நின்றான். போனை அம்மாவின் வாய்க்குக் கிட்டே பிடித்தேன். அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார், "தம்பி! என்ர பால் நல்ல பால்தானாம். உனக்கு ஒத்துக்கொண்டதுதானாம். சாக்குத்தானாம் பிழை."

அந்தப் பக்கத்தில் வயல் காற்று மட்டும் கேட்டது. அவனுக்கு என்ன விளங்கியிருக்கும்?

"ஓம் மாமி," என்றான். "ஓம், ஓம். நீங்கள் சாப்பிட்டீங்களோ மாமி?"

அம்மாவுக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. "என்னவாம்?" என்று என்னைப் பார்த்தார். "ஓமாம் அம்மா," என்றேன். அது போதும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். எனக்குப் போதாது. யாரிடம் போய்க் கேட்பேன், அப்பா இல்லை, மாமி இல்லை, அந்தச் சாக்குகூட இல்லை.

அன்று மத்தியானம் அம்மா கதிரையில் இருந்தபடியே, முகத்தில் வெயில் விழ, நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மீன்காரப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் ஹோனை அமத்தினான். நான் செருப்பும் போடாமல் ஓடினேன்.

"ஹோன் அடியாதை! அம்மா படுக்கிறா!"

"ஆச்சிக்குத்தான் காது கேக்காதே அன்ரி?"

"கேளாட்டில் என்ன," என்றேன். "கடைசி வீட்டுக்குப் போய் அடி."